இடையில் நின்ற மாணவனின் பங்கு

இந்தியாவில் ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் 1835ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது மரபு. அவ்வாண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே தம் குறிப்பை எழுதினார். மார்ச்சு மாதத்தில் பெண்டிங்க் பிரபு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தார். 1854இல் வுட் அறிக்கை வந்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக் கழகங்கள் எழுந்தன. இவை யாவும் நேயர்கள் பள்ளிப் பருவத்திலேயே படித்தவை. ஆனால் இவையெல்லாம் மேல்மாடியில் நடந்த காரியங்கள். கீழே, மண் தரையும் ஓலைக் கூரையுமாக இருந்த வகுப்பறையில், ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத ஐம்பது பிள்ளைகளின் முன் நின்ற ஆசிரியர் என்ன செய்தார்? எந்தச் சொல்லை முதலில் சொன்னார்? அந்தப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அது பயன்பட்டது? இக்கேள்விகளுக்கு விடை தேடியவர் சிலரே. அச்சிலரைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வாழ்கின்ற நம்மவர்க்கு இது அயலாரின் கதை அன்று. நம் முன்னோர் பலர் கையில் கொண்டுவந்த மூலதனம் ஆங்கிலமே. சுருக்கெழுத்தும் தட்டச்சும் அதன் மீது ஏறி வந்தவை. அந்த ஆங்கிலம் கைகூடியவர் இரயிலேறினர். அது கைகூடாமல் ஐந்தாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ நின்றுவிட்டவர் ஊரிலேயே தங்கினர். அவர்களுக்கு அக்கல்வி எதைக் கொடுத்தது என்று கேட்டவர் மிகக் குறைவு.

மெக்காலேக்கு முன்னரே ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. அதனை விரைவில் சொல்லிவிடுவோம். சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அநாதை விடுதி ஒன்று 1789இல் நிறுவப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். தகப்பன் ஆங்கிலேயச் சிப்பாய். தாய் பெரும்பாலும் இந்நாட்டுப் பெண். எனவே அப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பாதி சொந்தம், பாதி அந்நியம். நம் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பெல் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யச் சொன்னார். சம்பளம் வாங்கிய உதவி ஆசிரியர்கள் அதனைத் தம் தகுதிக்குக் குறைவெனக் கருதினர் போலும், செய்யவில்லை. பெல் சளைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பது நம் திண்ணையில் சட்டாம்பிள்ளை நெடுங்காலமாகச் செய்துவந்த வேலைதான். 1797இல் பெல் இதனை இலண்டனில் நூலாக வெளியிட்டபின், ‘சென்னை முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்து முழுதும் பரவியது. நம் மணல், கடல் கடந்து சென்று பெயர் பெற்றுத் திரும்பியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் பள்ளிகளில் ஆட்சி செலுத்தியது இலக்கணமும் மொழிபெயர்ப்பும் கலந்த முறை. ஐரோப்பாவில் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்த வழியை அப்படியே ஆங்கிலத்திற்குப் போட்டனர். முதலில் விதி, பிறகு விதிவிலக்கு, பிறகு அருஞ்சொற்களின் பட்டியல், பிறகு ஒரு பத்தியைத் தாய்மொழியில் பெயர்த்தல். நம் தொழிலே மொழிபெயர்ப்பு ஆதலால் அம்முறையை அடியோடு இகழ நமக்கு மனம் வரவில்லை. இரண்டு மொழிகளையும் அருகருகே வைத்து எடை போடும் பழக்கம் அதில் வந்தவர்களுக்கு வாய்த்தது. ஆயினும் அது மேலே போகிறவர்களுக்கான ஏணி. இரண்டு படி ஏறி இறங்கிவிட்டவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. வினைச்சொல்லின் பன்னிரண்டு காலவடிவங்களை ஒப்பிக்கத் தெரிந்த சிறுவனால், கடிதத்தின் மேலுறையிலிருந்த முகவரியைப் படிக்க இயலாமற் போவதுண்டு.

இதற்கு எதிராக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘நேர்முறை’ வந்தது. தாய்மொழியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துங்கள். பொருளைக் காட்டி ஆங்கிலத்திலேயே பெயரைச் சொல்லுங்கள். முதலில் பேச்சு, பிறகு எழுத்து என்பது அதன் கொள்கை. பம்பாய் மாகாணத்தில் இதனை வலியுறுத்தி நூல் எழுதியவர்களுள் ஒருவர் இந்தியக் கல்விப் பணியில் இருந்த பி. சி. ரென். ஆம், ‘ரென் அண்ட் மார்ட்டின்’ என்று நாம் எல்லோரும் சுமந்த அந்த இலக்கணப் புத்தகத்தின் ரென்தான். பாலைவனப் படைவீரர்களைப் பற்றிய ‘போ ஜெஸ்ட்’ என்ற புதினத்தை 1924இல் எழுதிப் புகழ்பெற்றவரும் அவரே. இலக்கணத்தை ஓரம் கட்டச் சொன்னவரின் பெயர் இலக்கணத்திற்கே மறுபெயராக இந்நாட்டில் நிலைத்துவிட்டது. வரலாறு சில வேளைகளில் இவ்வாறு விளையாடுகின்றது.

நேர்முறை நல்ல முறைதான். ஆனால் சரளமாக ஆங்கிலம் பேசும் ஆசிரியரும், இருபது பேருக்கு மிகாத வகுப்பும் அதற்கு வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? இக்கேள்வியைத் தம் வாழ்நாள் வேலையாக ஏற்றுக்கொண்டவர் மைக்கேல் வெஸ்ட்.

1888இல் பிறந்த வெஸ்ட், ஆக்ஸ்போர்டில் படித்து, 1912இல் இந்தியக் கல்விப் பணியில் வங்காளத்திற்கு வந்தார். பின்னர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார். டாக்கா இன்று வங்காள தேசத்தின் தலைநகர்; அன்று பிரிவினைக்கு முந்தைய வங்காளத்தின் இரண்டாவது பெருநகர். சணல் வயல்களும் ஆறுகளும் சூழ்ந்த கிழக்கு வங்காளத்தின் சிற்றூர்ப் பள்ளிகளை வெஸ்ட் நேரில் பார்த்தார். ஆங்கிலத்தில் பல ஆண்டுகள் பயின்றும், எளியதொரு நூலைத் தாமே எடுத்துப் படிக்கும் ஆற்றல் பிள்ளைகளுக்கு வரவில்லை என்பதைக் கண்டார். அதைவிட முக்கியமான ஒன்றும் அவர் கண்ணில் பட்டது. தொடங்கியவர்களுள் பெரும்பாலோர் இறுதிவரை வரவில்லை. வீட்டின் வறுமை ஒருவனை இழுத்தது. அறுவடை மற்றொருவனை இழுத்தது. பாடத்திட்டமோ, யாவரும் மெட்ரிகுலேஷன் வரை வருவர் என்ற கற்பனையில் வகுக்கப்பட்டிருந்தது.

1926இல் வெளியான ‘இருமொழித் திறன்’ பற்றிய அவருடைய அறிக்கை வங்காளத்தையே சிறப்பாக ஆராய்ந்தது. அதில் அவர் ஆயுள் காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கினார். பாலிசி எடுத்தவர் இடையில் பிரீமியம் கட்ட இயலாமல் நிறுத்திவிட்டால், அதுவரை கட்டியதற்காக நிறுவனம் ஒரு தொகையைத் திருப்பித் தருகிறதல்லவா? அதைத் தமிழில் ‘சரண் மதிப்பு’ என்கின்றோம். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இச்சொல்லோடு நமக்கு முழு உடன்பாடு இல்லை. பணம் கட்ட முடியாதவர் எவரிடம் சரணடைகிறார் என்ற ஐயம் தோன்றும். ஆனால் வெஸ்டின் கேள்வி தெளிவானது. ஒரு கல்விக்குச் சரண் மதிப்பு என்ன? இரண்டு ஆண்டு படித்து நின்றவனுக்கு இரண்டு ஆண்டின் பயன் கிடைக்கின்றதா, அல்லது ஏழாவது ஆண்டு முடிந்தாலன்றி ஒன்றுமே இல்லையா?

இந்த அளவுகோலால் அளந்தபோது அவர் வந்துசேர்ந்த முடிவு பலருக்கு வியப்பளித்தது. முதலில் கற்பிக்கவேண்டியது பேச்சு அன்று, படிப்பு. கிழக்கு வங்காளச் சிற்றூரில் ஆங்கிலத்தில் பேச ஆள் இல்லை. அரைகுறையாகக் கற்ற பேச்சு ஓராண்டில் மறந்துபோகும். ஆனால் படிக்கக் கற்றவனுக்குப் புத்தகம் துணை நிற்கும். பள்ளியை விட்டபின்னும் அவன் மேலும் கற்கலாம். மேலும், ஆசிரியரின் உச்சரிப்புக் குறைபாடு படிப்பைக் கெடுக்காது, பேச்சைக் கெடுக்கும்.

சிறிய மொழிகளைப் பேசும் மக்களும், அறிவுக்காகப் பிறமொழியை நாடும் மக்களும் இருமொழியாளராக இருப்பது விருப்பத்தால் அன்று, தேவையால் என்றும் வெஸ்ட் கருதினார். வேற்று மாநிலத்தில் பிள்ளைகளை வளர்ப்போர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் தமிழ் கேட்கத் தெரிந்து படிக்கத் தெரியாத பிள்ளைகள் உண்டு. வெஸ்டின் வங்காளச் சிறுவனோ ஆங்கிலத்தைக் கேட்டறியாமலே படிக்க வேண்டியவனாயிருந்தான். நிலைமை நேர்மாறு, ஆயினும் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் அது தானே வேலை செய்யும் என்ற அவருடைய நம்பிக்கை நமக்கும் சற்றுப் பயன்படக்கூடும்.

அக்காலத்து வாசகங்களை அவர் ஆராய்ந்தபோது இரண்டு குறைகளைக் கண்டார். ஒன்று, அன்றாட வழக்கில் இல்லாத பழஞ்சொற்கள் மிகுதி. மற்றொன்று, புதுச்சொற்கள் நெருக்கமாக வந்து விழுந்தன. ஒரு சொல்லைப் பிள்ளை பற்றிக்கொள்ளுமுன் அடுத்தது வந்தது. வயலில் நாற்றை நெருக்கி நட்டால் எதுவும் பயிராகாது என்பதை உழவனின் மகனுக்குச் சொல்லவா வேண்டும்? அமெரிக்க உளவியலார் தார்ண்டைக் 1921இல் வெளியிட்ட பதினாயிரம் சொற்களின் பட்டியலை வெஸ்ட் துணைக்கொண்டார். எந்தச் சொல் அடிக்கடி வருகிறதோ அதனை முதலில் வைத்தார். அரிய சொல்லைக் களைந்து எளிய சொல்லை இட்டார். ஏறத்தாழ ஐம்பது சொற்கள் ஓடியபின்னரே ஒரு புதுச்சொல்; வந்த சொல் அடுத்தடுத்த பக்கங்களில் மீண்டும் மீண்டும் வரும். ‘புதுமுறை வாசகங்கள்’ என்ற அவருடைய நூல்வரிசை இவ்வாறு பிறந்தது. 1920களின் பிற்பகுதியிலிருந்து லாங்மன்ஸ் நிறுவனம் அதனை வெளியிட்டது. வங்காளத்தில் பிறந்த அவ்வரிசை உலகின் பல நாடுகளுக்குச் சென்றது.

வகுப்பறை நடைமுறையையும் அவர் மாற்றினார். ஒருவன் எழுந்து நின்று உரக்கப் படிக்க, நாற்பத்தொன்பது பேர் ஜன்னல் வழியே காக்கையைப் பார்க்கும் காட்சியை அவர் விரும்பவில்லை. பத்தியைப் படிக்குமுன்னரே கேள்விகளைக் கொடுங்கள் என்றார். விடை எங்கே இருக்கிறது என்று ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் மௌனமாகத் தேடுவர். தேடுவதே படிப்பு. தேர்வுக்காகப் பின்னால் கேட்கப்படும் கேள்வி அச்சத்தைத் தரும். முன்னால் கொடுக்கப்படும் கேள்வி ஆவலைத் தரும். இத்துணைச் சிறிய மாற்றத்தில் இத்துணைப் பெரிய வேறுபாடு.

வெஸ்டை யாவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஜப்பானில் 1922 முதல் ஆங்கிலப் போதனையைச் சீர்திருத்தி வந்த ஹெரால்டு பாமர், பேச்சே மொழிக்கு அடிப்படை என்ற கட்சியைச் சேர்ந்தவர். வாய் பழகாத மொழி கண்ணுக்கும் பழகாது என்பது அவர் தரப்பு. அதிலும் நியாயம் உண்டு. பின்னாளில் நகரமயமான இந்தியாவில் பேச்சு ஆங்கிலத்திற்கு ஏற்பட்ட தேவையைக் கண்டோர் பாமர் பக்கமே சாய்வர். ஆனால் 1920களின் கிழக்கு வங்காளத்தைக் கண்முன் வைத்துப் பார்த்தால் வெஸ்ட் சொன்னதே பொருந்தும் என்பது நம் கருத்து. சொற்களின் தேர்வில் இருவரும் ஒத்த உள்ளத்தினர். 1934இல் நியூயார்க்கில் கார்னகி நிறுவனத்தின் ஆதரவில் கூடிய மாநாட்டில் இருவரும் அமர்ந்து, அடிப்படைச் சொற்பட்டியலை வகுக்கும் பணியில் இறங்கினர். அதன் இடைக்கால அறிக்கை 1936இல் வந்தது. வெஸ்ட் திருத்தி வெளியிட்ட ‘பொதுப்பயன் சொற்பட்டியல்’ 1953இல் வந்தது. ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்டது அது.

இதனிடையே 1935இல் ஒரு சிறிய அகராதியையும் வெஸ்ட் ஆக்கினார். அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் பார்த்தால், அப்பொருளிலுள்ள சொல்லுக்குப் பொருள் தேடவேண்டிய துன்பத்தை நேயர்கள் அறிவர். வெஸ்ட் 1,490 எளிய சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டார். அவற்றைக் கொண்டே ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கிவிட்டார். இவ்வளவு குறைந்த செல்வத்தில் இவ்வளவு பெரிய குடும்பத்தை நடத்திய சிக்கனம் வியப்புக்குரியது. 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதி 2,000 சொற்களால் யாவற்றையும் விளக்கியது இவ்வழியைப் பின்பற்றியே. நம் தமிழில் இத்தகைய அகராதி ஒன்று குழந்தைகளுக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நாடு விடுதலை பெற்றபின் காட்சி தெற்கே மாறுகின்றது. சென்னை மாநிலத்தில் 1950களில் ‘அமைப்பு முறை’ என்ற புதிய வழி புகுந்தது. சொற்களை அளந்து கொடுத்தது போல வாக்கிய அமைப்புகளையும் அளந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பது அதன் சாரம். ஆசிரியர் கதவை நோக்கி நடந்துகொண்டே, ‘ஐ ஆம் கோயிங் டு த டோர்’ என்பார். வகுப்பு முழுதும் அதனைத் திருப்பிச் சொல்லும். பிள்ளைகளுக்கு இது உற்சாகமாகவே இருந்திருக்கும். ஆனால் கண்ணெதிரே கதவுக்குப் போகிற ஒருவர், தாம் கதவுக்குப் போவதாக எதற்கு அறிவிக்கவேண்டும் என்ற கேள்வி கடைசி வரிசைப் பையனுக்கு எழாமல் இருந்திருக்குமா?

முறையை வகுத்துவிடலாம், ஆசிரியர்களுக்கு யார் கற்பிப்பது? 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. 1959இல் சென்னை மாநிலம் வேறொரு துணிச்சலான முயற்சியில் இறங்கியது. முதலில் ஒரு சிறு குழுவைப் பயிற்றுவது. அவர்கள் ஒவ்வொருவரும் வேறு பலரைப் பயிற்றுவது. அவர்கள் மேலும் பலரை. இவ்வாறு தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பித்த சுமார் 27,000 ஆசிரியர்களை எட்டுவது திட்டம். உருள உருளப் பெருக்கும் பனி உருண்டை என்று அதற்குப் பெயரிட்டனர். பனியையே காணாத சென்னைக்கு அப்பெயரைத் தேர்ந்தவர் யாரோ! பனி உருண்டையிலும் ஒரு குறை உண்டு. வெயில் நிலத்தில் அது உருண்டால் பெருகும்போதே கரையும். முதற்குழு கற்றது நூறு பங்கென்றால் நான்காம் படியிலிருந்த கிராம ஆசிரியரிடம் சேர்ந்தது எத்தனை பங்கு என்பது இத்தகைய எல்லாத் திட்டங்களுக்கும் உரிய ஐயம்.

பணி ஓய்வு பெற்றிருந்த வெஸ்ட், 1960இல் ‘இடர்ப்பட்ட சூழலில் ஆங்கிலம் கற்பித்தல்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். நெருக்கி அமர்த்தப்பட்ட பிள்ளைகள், ஏற்றத்தாழ்வான தரம், வெப்பம், தாமே தடுமாறும் ஆசிரியர்: இவற்றையெல்லாம் விதிவிலக்காகக் கருதாமல், அதுவே பொதுநிலை என்று கொண்டு எழுதினார். அதில் ‘படித்து நிமிர்ந்து சொல்லல்’ என்றொரு பயிற்சி வருகின்றது. மாணவன் புத்தகத்தை மார்பளவில் பிடித்துக்கொள்வான். ஒரு தொடரை மனத்துக்குள் படிப்பான். பிறகு கண்ணை ஏட்டிலிருந்து எடுத்து, எதிரில் இருப்பவனைப் பார்த்து அத்தொடரைச் சொல்வான். ஏட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லலாகாது. கண்ணிலிருந்து நேரே வாய்க்குப் போகாமல், சொற்கள் ஒரு கணம் மனத்தில் தங்கிவிட்டுப் போகவேண்டும், அவ்வளவே. கருவி வேண்டாம், செலவு வேண்டாம், ஐம்பது பேரும் இரண்டிரண்டு பேராகச் செய்யலாம். பேச்சை ஒதுக்கியவர் என்று பெயரெடுத்த வெஸ்ட், படிப்பின் வழியாகவே பேச்சுக்கு ஒரு படிக்கட்டு அமைத்தார் என்று இதனைக் கொள்ளலாம்.

சென்னையிலும் பெங்களூரிலும் வேறு சில ஊர்களிலும் 1979ஆம் ஆண்டு தொடங்கி 1984 வரை நடந்த சோதனை இவ்வரலாற்றில் மற்றொரு திருப்பம். அதனை நடத்தியவர் அப்போது சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு. அமைப்பு முறையிலேயே பழகியவர் அவர். அதன் எல்லையைக் கண்டு ஐயுற்றவரும் அவரே. வாக்கிய அமைப்பை வரிசைப்படுத்திக் கொடுப்பதால் மட்டும் அது மனத்தில் படிவதில்லை. பொருளில் மனம் ஆழ்ந்திருக்கும்போதே வடிவம் தானாகப் படிகின்றது என்பது அவர் ஊகம். எனவே பாடத்திட்டத்தில் இலக்கணப் பட்டியலே இல்லை. மாறாகப் புதிர் போன்ற வேலைகள் இருந்தன. ஓர் இரயில்வே காலஅட்டவணை; இன்ன ஊரில் இத்தனை மணிக்குள் இருக்க வேண்டியவர் எந்த வண்டியில் ஏறவேண்டும்? ஓர் ஊர்ப்படம், பள்ளியிலிருந்து அஞ்சலகம் போக எது குறுக்குவழி? முதலில் இதையொத்த ஒரு கணக்கை ஆசிரியர் வகுப்போடு உரையாடியே ஆங்கிலத்தில் போடுவார். பிறகு பிள்ளைகள் தனித்தனியே அடுத்ததைப் போடுவர். விடை சரியா என்பதற்கே மதிப்பெண். இலக்கணப் பிழைக்கு அன்று. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரிப்பதைப் பிரபு வேண்டுமென்றே தவிர்த்தார். கற்பவர்கள் தமக்குள் பேசினால் பிழையே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி உறுதிப்படும் என்பது அவர் எண்ணம்.

கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளும் படித்த சாதாரணப் பள்ளிகளில், காலஅட்டவணையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் கணக்குப் போட்ட அக்காட்சியில் வெஸ்டின் பழைய கேள்விக்கு ஒரு பதில் இருப்பதாக நமக்குத் தோன்றுகின்றது. ஏழாம் வகுப்போடு நின்றாலும், இரயில் நேரம் பார்க்கத் தெரிந்தவன் வெறுங்கையோடு போகவில்லை அல்லவா?

சோதனையின் பயனை பெரெட்டா, டேவிஸ் என்ற இருவர் வெளியிலிருந்து வந்து அளந்து, 1985இல் எழுதினர். பழைய முறையில் பயின்ற வகுப்புகள் அமைப்புத் தேர்விலும், புதிய முறையில் பயின்ற வகுப்புகள் தத்தம் வேலைத் தேர்விலும் முந்தின. இருசாராருக்கும் பொதுவான தேர்வுகளிலோ தராசு பெரும்பாலும் பிரபுவின் பக்கமே தாழ்ந்தது. ஆயினும் இன்னொன்றும் வெளிப்பட்டது. பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியர்கள் இதனை நன்றாக நடத்தினர். வழக்கமான பள்ளி ஆசிரியர்களில் பலருக்கு அது எளிதில் கைவரவில்லை. பிள்ளை என்ன சொல்வான் என்று முன்கூட்டி அறிய முடியாத வகுப்பில், உடனுக்குடன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் துணிவு ஆசிரியருக்கு வேண்டியிருந்தது. பிரபு 1987இல் தம் அனுபவத்தை நூலாக எழுதினார். பின்னர்ச் சிங்கப்பூர்ப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியப் பணி புரிந்தார். பெங்களூர்த் திட்டம் என்ற பெயரில் அச்சோதனை உலகெங்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பாடமாயிற்று. அது நடந்த பள்ளிகளோ 1984க்குப் பின் பழைய பாடநூலுக்கும் பழைய தேர்வுக்கும் திரும்பிவிட்டன.